கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார்

சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஒரு காலத்தில் ‘ரஜுலா’ என்ற கப்பல் புறப்படும். நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேரும். 1973-ம் ஆண்டுவரை அது ஓடியது. ராயபுரம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். பிழைப்புத் தேடி அதில் போன தமிழர்கள் எத்தனையோ பேர்.

போனவர்களின் பிள்ளைகள் அங்கே ஆங்கிலம் படித்தார்கள். வீட்டில் மட்டும் தமிழ். அதுவும் எத்தனை நாளைக்கு?

இந்தக் கவலையோடு வாழ்ந்த ஓர் ஆசிரியர்தான் நா. கோவிந்தசாமி.

கதை எழுதியவர்

1946-ல் பிறந்தவர் அவர். சிங்கப்பூரில் தமிழ் ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். சிறுகதைகள் எழுதினார். ‘வேள்வி’ அவருடைய கதைத் தொகுதி. 1994-ல் தென்கிழக்கு ஆசிய எழுத்தாளர் விருது அவரைத் தேடி வந்தது.

இத்தோடு நின்றிருந்தாலும் நல்ல எழுத்தாளர் என்ற பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவர் கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. அவர் எஞ்சினீயர் அல்ல, தமிழ் வாத்தியார். அதுதான் வேடிக்கை!

கொம்பும் காலும்

அன்று கம்ப்யூட்டரில் தமிழ் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. ஒருவர் ஒரு வகை எழுத்துருவில் கடிதம் அடிப்பார். அதே எழுத்துரு இல்லாதவர் திறந்து பார்த்தால் புள்ளியும் கோடுமாகத் தெரியும். தலையும் புரியாது, வாலும் புரியாது.

அடிப்பதும் எளிதல்ல. பழைய தட்டச்சு முறையில் ‘கொ’ என்று அடிக்க வேண்டுமா? முதலில் கொம்பு, பிறகு ‘க’, அப்புறம் கால். மூன்று தட்டு. வாய் சொல்லும் வரிசை ஒன்று, விரல் போகும் வரிசை வேறொன்று. பள்ளிப் பிள்ளை இதைக் கண்டு மிரளாமல் என்ன செய்யும்?

உயிர் எழுத்து 12, மெய் எழுத்து 18, ஆய்தம் 1. ஆக மொத்தம் 31. இவை போதும், மற்றதைக் கம்ப்யூட்டரே சேர்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஒலியை ஒட்டிய முறை. ‘க’வைத் தட்டி ‘ஒ’வைத் தட்டினால் ‘கொ’ வந்துவிடும். முதல் வகுப்பில் கற்ற அதே பாடம்தான்! கோவிந்தசாமி இந்த வழியில்தான் பாடுபட்டார். அவர் உருவாக்கிய மென்பொருளுக்குக் ‘கணியன்’ என்று பெயர். கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர்.

இணையத்தில் தமிழ்

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏறின. சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதிக்குக் கோவிந்தசாமியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் உழைத்தார்கள். இணையத்தில் தமிழ் எழுத்து தமிழாகவே தெரிந்த முதல் சில பக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் ஊருக்கு ஒரு பலகை, ஆளுக்கு ஓர் எழுத்துரு என்ற சண்டை தீரவில்லை. எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று முனைந்தார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ கூடியது. இரண்டு ஆண்டு கழித்து, 1999 பிப்ரவரியில், சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. ஒரே விசைப்பலகை வேண்டும் என்ற பேச்சு அங்கே முடிவுக்கு வந்தது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். கோவிந்தசாமி வகுத்த முறைக்கு மிக நெருங்கிய உறவு கொண்ட பலகை அது.

அதில் ‘அம்மா’ என்று அடிக்கப் புள்ளி வைக்க வேண்டியதில்லை. அ, ம, ம, ஆ. இரண்டாவது ‘ம’ விழுந்ததும் முதல் ‘ம’வின் தலையில் புள்ளி தானாக ஏறிவிடும்.

மே 26

தமிழ்நாடு அரசின் ஆணை 1999 ஜூன் 13-ந் தேதி வெளியாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. மே 26-ந் தேதியே காலமாகி விட்டார். வயது 53. இடையில் இருந்தது பதினெட்டே நாள்.

‘தமிழ் 99’ என்ற அந்தப் பலகை இன்று கைப்பேசிகளிலும் இருக்கிறது. ரஜுலா போன கடல் வழியே நாள் கணக்கில் பயணம் செய்த கடிதம், இப்போது காசிமேட்டில் இருந்து சிங்கப்பூருக்குக் கண் இமைக்கும் நேரத்தில் தமிழிலேயே போய்ச் சேருகிறது.