கணித மேதை ஆய்லர்

நம் செம்பட்டிக்கு அண்மையிலுள்ள திண்டுக்கல் பூட்டுக்குப் புகழ் பெற்ற ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று ஒரு பூட்டின் வடிவத்தைக் கணிப்பொறியில் வரைபவர், அதில் சேர்ந்துவிட்ட வேண்டாத கோடுகளையும் முகங்களையும் நீக்க வேண்டியிருக்கிறது. நீக்கும்போது உருவம் சிதையாமல் காக்கும் கணக்கைத் தந்தவர், கணிப்பொறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியோனார்டு ஆய்லர் ஆவார்.

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் 1707 ஏப்ரல் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் அப்பணிக்கே வரவேண்டுமென அவர் விரும்பினார். ஆனால் கணிதப் பேராசிரியர் ஜொகான் பெர்னூலி மாணவரின் திறமையைக் கண்டு, தந்தையை இணங்க வைத்தார். 1727இல் ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகர் சென்றார். 1738ஆம் ஆண்டளவில் வலக்கண் பார்வையை இழந்தார். 1741இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கிருந்து 1750இல் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் ஓர் எளிய உண்மையைத் தெரிவித்தார். தட்டையான பக்கங்களுள்ள, துளையற்ற திண்மத்தின் முனைகளிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும். ஒரு பெட்டிக்கு முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. அதன் ஒரு பக்கத்தில் மூலைக்கு மூலை வேண்டாத கோடொன்று விழுந்துவிட்டால் விளிம்புகள் 13, முகங்கள் 7 ஆகும். விடை அப்போதும் 2தான். கோட்டை அழித்து இரு துண்டுகளையும் ஒன்றாக்கினால் பழைய பெட்டி கிடைக்கும். முகத்தை மட்டும் அழித்தாலோ விடை 1 ஆகிவிடும். பெட்டி திறந்து கிடக்கும். உள் எது, வெளி எது என்று கணிப்பொறிக்கு விளங்காது. துளையுள்ள உருவங்களுக்கு விடை மாறும். அதற்கும் கணக்கு உண்டு. விடை சரியாக வந்தும் வேறு பிழை இருக்கலாம். ஆனால் விடை தவறினால் பிழை உறுதி. 1970களில் கணிப்பொறியில் திண்மங்களை அமைக்க இவ்விதியே துணை நின்றது.

1766இல் ஆய்லர் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். 1771இல் கண் அறுவைக்குப் பின் மற்றொரு கண்ணும் ஒளி இழந்தது. அவ்வாண்டே வீடும் தீக்கிரையானது. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. மனத்திலேயே கணக்கிட்டு, புதல்வர்களையும் உதவியாளர்களையும் எழுதச் செய்தார். 800க்கும் மேற்பட்ட ஆக்கங்களை அளித்து, 1783 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

வேண்டாததை நீக்குவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். எதை நீக்கினாலும் எது குலையக் கூடாது என்பதை அறிந்தவனே நல்ல வினைஞன். மாணவத் தோழர்களே, கண்ணொளி மங்கியும் கருத்தொளி மங்காத அம்மேதை நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவேயாகும்.