ஒரே நிரல், பல கருவிகள்: டென்னிஸ் ரிட்சி

1941-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த டென்னிஸ் ரிட்சி, பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியை உருவாக்கினார். 1972, 73 வாக்கில் அதில் முன்செயலி சேர்ந்தது. நிபந்தனைத் தொகுப்பு வசதியை அதில் புகுத்தியவர்கள் மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும்தான்; அப்பெருமையை ரிட்சியே அவர்களுக்குத் தந்து எழுதினார்.

கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் செம்பனைக் குலை நிறுக்கும் மின்தராசு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ரசீது அச்சிடும் மாடலுக்கும் அச்சிடாத மாடலுக்கும் ஒரே நிரல் போதும். நிபந்தனைக்குப் பொருந்தாத வரிகளை முன்செயலி நீக்கிவிடும். மாடல்கள் பத்தானால்? நிபந்தனைகளைக் கண்டபடி தூவினால் எழுதியவருக்கே புரியாது. யுனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 கணினிக்குக் கொண்டுசென்றபோது ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் இயந்திரம் சார்ந்த பகுதிகளைத் தனியே பிரித்தனர். அதுவே நல்ல வழி.

1983-இல் கென் தாம்சனோடு டூரிங் விருது பெற்றார். 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைவுச் செய்திக்கிடையே இவரும் மறைந்தார், பலர் கவனிக்கவில்லை.