104 ஆண்டுகள் வாழ்ந்த தொண்டர் – மகரிஷி கார்வே

மக்கள் சேவையே மகேசன் சேவை என்பது கோயில் மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாசகமாகும். அதனைச் சொல்வது எளிது. ஒரு நாள், இரு நாள் செய்வதும் எளிது. ஆனால் வாழ்நாள் முழுவதும் இடைவிடாது செய்து காட்டுவது அரிதினும் அரிது. அவ்வாறு செய்து காட்டியவர்களுள் ஒருவர் இந்தியாவின் மகாராட்டிரப் பகுதியைச் சேர்ந்த கணித ஆசிரியர் தோண்டோ கேசவ் கார்வே ஆவார். அண்ணா என்றும் மகரிஷி என்றும் மக்கள் அன்போடு அழைத்த இப்பெரியார், கணவனை இழந்த பெண்களின் கல்விக்காகவும் வாழ்வுக்காகவும் தம்மை முழுமையாக அர்ப்பணித்தவர்.

பிறப்பும் இளமையும்

மேற்குக் கடற்கரையிலே கொங்கணம் எனப்படும் பகுதியில் இரத்தினகிரி மாவட்டம் உள்ளது. அம்மாவட்டத்தில் தாயாரின் ஊராகிய சேரவலியில் 18.04.1858 அன்று கார்வே பிறந்தார். தந்தை வழி ஊர் முருட் என்னும் கடலோரக் கிராமம். குடும்பம் வறுமைப்பட்டது. தந்தையார் வெளியூரில் சொற்ப சம்பளத்திற்கு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

முருட் கிராமத்தில் துர்க்கை அம்மன் ஆலயம் ஒன்று உண்டு. கார்வேயின் ஆசிரியராகிய சோமன் என்பவர் ஊர் நன்மையில் மிகுந்த அக்கறை கொண்டவர். அவருடைய தூண்டுதலினால் சிறுவன் கார்வே அவ்வாலயத்தில் கூடும் ஊர் மக்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டுவான். எழுத்தறியாத மக்கள் உலக நடப்பை அறிந்தது அந்த வாசிப்பின் மூலமே. கார்வே செய்த முதற் பொதுத்தொண்டு ஒரு கிராமத்துக் கோயிலிலே தொடங்கியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பதினேழாம் வயதில் அரசாங்கப் பரீட்சை ஒன்றிற்குத் தோற்றுவதற்காக அவர் சதாரா நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. தூரமோ ஏறத்தாழ 110 மைல். வாகன வசதி இல்லை. நண்பர்களுடன் மலைகளையும் காடுகளையும் கடந்து நான்கு நாட்கள் நடந்தே போய்ச் சேர்ந்தார். அங்கே பரீட்சை அதிகாரி அவரது சிறிய உருவத்தைப் பார்த்து, வயது போதாது என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே வெறுங்கையுடன் திரும்பிய அவ்விளைஞர் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டு கோலாப்பூருக்குச் சென்று அப்பரீட்சையில் சித்தியடைந்தார். பின்னர் பம்பாய் சென்று, வீடு வீடாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த பணத்தில் தாமும் படித்து, 1884 ஆம் ஆண்டில் எல்பின்ஸ்டன் கல்லூரியிலிருந்து பட்டதாரியானார்.

ஆசிரியப் பணி

1891 ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே அவர்களின் அழைப்பை ஏற்று, பூனா நகரில் உள்ள பெர்கூசன் கல்லூரியில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். முன்னர் பால கங்காதர திலகர் கற்பித்த பாடம் அது. 1914 வரை கார்வே அங்கு பணியாற்றினார். அவர் மேடைப் பேச்சில் வல்லவர் அல்லர். கூச்ச சுபாவம் உடையவர். ஆயினும் எடுத்த கருமத்தைக் கைவிடாத உறுதி அவரிடம் இருந்தது.

ஊர் விலக்கு

அக்காலத்தில் பெண் குழந்தைகளுக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே திருமணம் செய்து வைத்தனர். கணவன் இறந்துவிட்டால், வாழ்க்கை என்றால் என்னவென்றே அறியாத அச்சிறுமி தலை மழிக்கப்பட்டு, மங்கல காரியங்களில் முகம் காட்டாது ஒதுங்கி வாழ வேண்டும். கல்வியும் இல்லை, கைத்தொழிலும் இல்லை. உறவினர் வீட்டு அடுக்களையே அவளுக்கு உலகம்.

1891 இல் கார்வேயின் மனைவி இராதாபாய் காலமானார். மறுமணம் செய்யும்படி உறவினர் வற்புறுத்தியபோது, கைம்பெண் ஒருவரையே மணப்பேன் என்று அவர் உறுதியாகக் கூறினார். அவ்வாறே 11.03.1893 அன்று கோதுபாய் என்னும் பெண்ணை மணந்தார். கோதுபாய் எட்டு வயதிலேயே கணவனை இழந்தவர். பண்டித இரமாபாயின் சாரதா சதனத்தில் கல்வி கற்றவர். திருமணத்தின் பின் ஆனந்திபாய் எனப் பெயர் பெற்றார்.

புதுமணத் தம்பதியர் முருட் கிராமத்திற்குச் சென்றபோது ஊரவர் கூடித் தீர்மானம் எடுத்தனர். கார்வே இருக்கும் சபையில் எவரும் அமரக் கூடாது. அவரைப் பெற்றோர் தம் வீட்டில் தங்க வைத்தால் அக்குடும்பமும் ஊர் விலக்குக்கு உள்ளாகும். எந்த மக்களுக்கு அவர் அம்மன் ஆலயத்திலிருந்து பத்திரிகை வாசித்துக் காட்டினாரோ, அவர்களே இவ்வாறு முடிவு செய்தனர். பெற்ற தாயும் உடன்பிறந்தோரும் அவருடன் ஒன்றாக இருந்து உண்ண முடியாத நிலை ஏற்பட்டது. கார்வே ஊரவரோடு வாதாடவில்லை, பகைமை கொள்ளவும் இல்லை. துயரத்தை மனதில் தாங்கிக்கொண்டு தம் பணியைத் தொடர்ந்தார்.

ஹிங்கணேயில் ஒரு குடிசை

மறுமணத்தை ஆதரிக்கும் சங்கம் ஒன்றை அவர் 1893 இல் தொடங்கியிருந்தார். ஆனால் மறுமணம் ஒரு சிலருக்கே வழியாகும் என்பதையும், கல்வியே எல்லோரையும் சொந்தக் காலில் நிற்க வைக்கும் என்பதையும் விரைவில் உணர்ந்தார். 1896 இல் கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றைத் தாபித்தார். பெற்றோர் அச்சமின்றித் தம் பெண்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக இல்லத்தின் நோக்கம் கல்வி மட்டுமே என வகுத்து, மறுமணச் சங்கத்தின் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொண்டார்.

1900 ஆம் ஆண்டில் பூனாவில் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஆதலால் நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் கிராமத்தில், அன்பர் ஒருவர் தானமாக வழங்கிய காணியில், சிறு குடிசை அமைத்து இல்லம் அங்கு மாற்றப்பட்டது. கல்லூரியில் பாடம் முடிந்ததும் கார்வே ஏறத்தாழ நான்கு மைல் நடந்து ஹிங்கணே செல்வார். மழைக்காலத்தில் பாதை முழுவதும் சேறு. இல்லத்திற்கு வேண்டிய சாமான்களையும் தாமே சுமந்து செல்வார். மாலையில் அப்பெண்களுக்குக் கற்பித்து, மறுநாள் மீண்டும் நடந்தே கல்லூரிக்கு வருவார்.

சேமித்த பணத்தையும் ஆயுட் காப்புறுதியையும்கூட அவர் இல்லத்திற்கே கொடுத்துவிட்டார். தம் பிள்ளைகளின் எதிர்காலம் என்னாகும் என்று ஆனந்திபாய் வருந்தியதில் வியப்பில்லை. எனினும் அவ்வம்மையார் மருத்துவிச்சித் தொழிலைக் கற்று, குடும்பச் செலவுக்குத் தாமும் உழைத்தார். கணவரின் தொண்டுக்கு மனைவி கொடுத்த விலையும் பெரிது. ஆனந்திபாயின் தங்கையாகிய பார்வதிபாய் அதவலேயும் இளம் வயதில் கணவனை இழந்தவர். அவர் அவ்வில்லத்தில் கல்வி கற்று, பின்னர் அதற்காக ஊர் ஊராகச் சென்று நிதி சேர்த்தார்.

1908 இல் பயன் கருதாது உழைக்கும் தொண்டர்களுக்காக நிஷ்காம கர்ம மடம் என்னும் அமைப்பை அவர் ஏற்படுத்தினார். கீதை உபதேசிக்கும் கர்மயோகத்தைப் பெயரிலும் செயலிலும் கொண்டதாக அது விளங்கியது.

பல்கலைக்கழகம்

ஜப்பானில் இயங்கிய மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய சிறு நூல் ஒன்று கார்வேயின் கையில் கிடைத்தது. அதன் தூண்டுதலால் 1916 இல், ஐம்பத்தெட்டாம் வயதில், இந்தியாவின் முதலாவது மகளிர் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தார். தாய்மொழியிலேயே உயர்கல்வி என்பது அதன் கொள்கை. கல்லூரி வகுப்பு ஐந்து மாணவிகளுடனேயே தொடங்கியது. பலர் நகைத்தனர். 1920 இல் சேர் விட்டல்தாஸ் தாக்கர்சி தம் தாயாரின் ஞாபகார்த்தமாக 15 இலட்சம் ரூபா நன்கொடை வழங்க முன்வந்தார். அத்தாயாரின் பெயரைத் தாங்கிய அப்பல்கலைக்கழகம் பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு பெருவளர்ச்சி பெற்றது.

முதுமையிலும் ஓயாத கால்கள்

1929 இல் தமது எழுபத்தோராம் வயதில் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய இடங்களுக்குச் சென்று பெண்கல்வி பற்றி எடுத்துரைத்தார். அதன்பின் ஆபிரிக்காவுக்கும் பயணம் செய்தார். 1936 இல், எழுபத்தெட்டு வயதில், பாடசாலை இல்லாத கிராமங்களில் ஆரம்பக் கல்வியைப் பரப்பச் சங்கம் அமைத்து, வீடு வீடாகச் சென்று சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்தார். 1944 இல் சாதி வேற்றுமையை நீக்கச் சமத்துவச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தாறு.

1950 இல் ஆனந்திபாய் காலமானார். 1958 இல் கார்வே நூறு வயதை எட்டியபோது இந்திய அரசு பாரத ரத்னா விருது வழங்கி, அவர் உருவம் பொறித்த முத்திரையையும் வெளியிட்டது. ஒரு காலத்தில் சொந்த ஊர்ச் சபையிலே இடம் மறுக்கப்பட்டவரை நாடே எழுந்து நின்று வணங்கியது. 09.11.1962 அன்று பூனாவில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

நாம் பெறும் பாடம்

இப்பெரியாரின் வாழ்வு தூர தேசத்துக் கதையன்று. இலங்கையில் 2009 வரை நீடித்த போர் பல்லாயிரம் பெண்களைக் கணவனை இழந்தவர்களாக்கியது. குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் இப்பெண்களை மங்கல காரியங்களில் பின்வரிசையில் நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அம்பாளின் சந்நிதியில் நிற்பவர் அனைவரும் அவள் பிள்ளைகளே. அங்கே முன்வரிசை, பின்வரிசை இருத்தல் தகாது.

திருப்பணியும் தேர்த்திருவிழாவும் ஆலயத்திற்கு அவசியமே. அவற்றோடு ஏழைப் பிள்ளையின் படிப்பையும், ஆதரவற்ற பெண்ணின் தொழிலையும் ஆலயம் தன் பணியாகக் கொண்டால் அதுவும் இறைவனுக்கு உகந்த பூசையாகும். இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மாலை வேளையில் நான்கு மைல் நடக்கத் துணிந்த ஓர் ஆசிரியரின் மனம் இருந்தால் போதும். அத்தகைய மனம் நம் ஊர் இளைஞர்க்கும் யுவதிகளுக்கும் வாய்க்க அம்பாள் திருவருள் பாலிப்பாளாக.