தட்டு விற்ற கடையிலிருந்து இந்தி சினிமா வரை... ஏவி.எம். போட்ட கணக்கு என்ன?
காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் தட்டும் கிடைக்கும். அடுத்தவர் போட்ட தட்டை எதுக்கு விக்கணும், நாமே போட்டால் என்ன என்று யோசித்தார் மகன் மெய்யப்பன் (1907–1979). சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். அது நன்றாகவே ஓடியது.

சிக்கல் சினிமாவில்தான். 1935-ல் கல்கத்தா வரை போய் எடுத்த 'அல்லி அர்ஜுனா' ஊத்திக்கிச்சு. அடுத்த படம் 'ரத்னாவளி'யும் காலை வாரியது. வேறொருவர் என்றால் பேசாமல் தட்டு வியாபாரத்துக்கே திரும்பியிருப்பார். இவர் விடவில்லை.

1943-ல் கன்னடத்தில் 'ஹரிச்சந்திரா' எடுத்தார். அதையே தமிழ் பேச வைத்து 1944-ல் வெளியிட்டார். தமிழின் முதல் டப்பிங் படம் என்று இதைத்தான் சொல்வார்கள். எடுத்தது ஒரு படம், சந்தை ரெண்டு!

ஆனா எல்லாக் கதைக்கும் டப்பிங் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. 1949-ல் வந்த 'வாழ்க்கை' ஹிட்டானதும், அதைத் தெலுங்கில் 'ஜீவிதம்' என்றும் இந்தியில் 'பஹார்' என்றும் புதிதாகவே எடுத்தார். செலவு கூடுதல்தான். மூன்றிலும் நாயகி மட்டும் மாறவில்லை: வைஜெயந்திமாலா. 1951-ல் இந்தி ரசிகர்கள் அவரை முதன்முதலில் பார்த்தது 'பஹார்' படத்தில்தான்.