மாளவம் ஆண்ட மாதரசி

தலைமை என்றவுடன் படையும் பரிவாரமுமே பலருக்கும் நினைவில் எழும். அவை தலைமையின் புறக்கோலங்கள். அதன் உயிரோ நாள்தோறும் வழுவாது ஆற்றும் கடமையில் உறைகின்றது. இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர், மாளவ நாட்டை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர்.

இன்றைய மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சௌண்டி என்னும் சிற்றூரில் 1725-ஆம் ஆண்டு பிறந்த அவர், மராத்தியத் தளபதி மல்ஹார்ராவ் ஹோல்கரின் மருமகளானார். 1754-இல் கும்பேர்க் கோட்டை முற்றுகையில் கணவர் கண்டேராவ் மாண்டார். உடன்கட்டை ஏற முனைந்த மருமகளைத் தடுத்து நிறுத்திய மாமனார், அவரை அரசியல் அலுவல்களில் பழக்கினார். 1766-இல் மாமனாரும், மறு ஆண்டில் ஒரே மகன் மாலேராவும் மறைந்தனர். சுவீகாரப் பிள்ளை ஒருவனை அரியணையில் அமர்த்திவிட்டு ஒதுங்கியிருக்குமாறு அமைச்சர் கூறிய யோசனையை அவர் ஏற்றாரில்லை. படைத்தலைமையைத் துகோஜி ஹோல்கரிடம் ஒப்புவித்து, ஆட்சிப் பொறுப்பைத் தாமே தாங்கினார்.

நருமதைக் கரையிலுள்ள மகேசுவரமே அவருடைய தலைநகர். பிற்காலத்தில் அந்நாட்டு முதியோரிடம் கேட்டறிந்து அவர் வரலாற்றை எழுதிய ஆங்கிலேய அதிகாரி மால்கம், அம்மையாரின் அன்றாட ஒழுங்கை விரித்துரைக்கின்றார். விடியுமுன் எழுந்து வழிபாடு, பின்னர் தானம், எளிய உணவு. பிற்பகல் இரண்டு மணி முதல் அந்தி வரை திறந்த அவையில் அமர்ந்து குடிமக்களின் முறையீடுகளைக் கேட்பார். இரவு ஒன்பது மணிக்கு மீண்டும் அலுவல் தொடங்கிப் பதினொன்று வரை நீளும். இவ்வொழுங்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் நிலைத்தது.

இந்தூரில் பிள்ளையின்றி இறந்த செல்வர் ஒருவரின் பொருளில் பங்கு பெறத் துகோஜி விரும்பினார். கைம்பெண் மகேசுவரத்துக்கு ஓடிவந்து முறையிட்டாள். பொருள் முழுவதும் அவளுக்கே உரியது என உறுதி செய்த அம்மையார், நகரை விட்டு விலகிச் செல்லுமாறு தம் படைத்தலைவருக்கே ஆணையிட்டார். வேண்டியவர் என்பதற்காக நீதியை வளைக்க அவர் இசைந்தாரில்லை.

புகழ்ச்சியும் அவரை மயக்கவில்லை. புலவர் ஒருவர் அவரைப் போற்றி ஒரு நூல் இயற்றிப் படித்துக் காட்டினார். பொறுமையுடன் கேட்டு முடித்த அரசி, அந்நூலை நருமதையில் எறியச் செய்தார்.

நாடெங்கும் நீதி வழங்கியவருக்கும் தம் இல்லத்தில் ஒரு தோல்வி நேர்ந்தது. 1791-இல் மருமகன் இறந்தபோது மகள் முக்தாபாய் தீப்புகத் துணிந்தாள். தாய் மன்றாடியும் பயனில்லை. நிலைகுலைந்து சில நாள் உணவையும் துறந்த அம்மையார், பின்னர் தேறிக் கடமைக்குத் திரும்பினார். 1795-இல் மறையும் வரை அக்கடமையை விடவில்லை.

காசியில் இன்று நாம் தொழும் விசுவநாதர் ஆலயம் அவர் எழுப்பியது. வடக்கே கேதாரம் முதல் தெற்கே நம் இராமேசுவரம் வரை அவருடைய அறப்பணி பரவியது. தம் எல்லைக்கு அப்பாலுள்ளோரையும் தம்மவராகக் கருதிய உள்ளம் அது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு அதன் அருமை நன்கு விளங்கும். இல்லத்திலாயினும் சங்கத்திலாயினும் பொறுப்பேற்போர், பிறர் குறையைச் செவிமடுக்க நாள்தோறும் ஒரு வேளையை ஒதுக்குவாராயின், அதுவே அம்மாதரசிக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.