படம் தேடிய பயணி

எங்கள் வீட்டில் என் பாட்டனாரின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் எப்படி இருப்பார் என்று கேட்டால், என்னைப் போலத்தான் இருப்பார் என்று சொல்லி என் தந்தையார் நிறுத்திக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரி நூலகத்தில் ஏ.கே. செட்டியார் அவர்களின் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலைப் படித்தபோது இந்தக் குறைதான் என் நெஞ்சில் நின்றது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்தவர் செட்டியார். இளமையிலேயே பர்மா சென்று, இரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். டோக்கியோவிலும் பின்னர் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலையை முறையாகக் கற்றார். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளின் வாழ்க்கையை ஆவணப்படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 25.

காந்தியடிகளைப் புதிதாகப் படம் பிடித்தால் மட்டும் போதுமா? கடந்துபோன நாட்களை எந்தக் காமிரா திரும்பப் பிடிக்கும்? முப்பது ஆண்டுகளில் பலர் பிடித்த படங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி அவர் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். சுமார் நூறு பேர் பிடித்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்தார்.

வேதியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அக்காலப் படச்சுருள் நைட்ரோ செல்லுலோசால் ஆனது. எளிதில் தீப்பற்றும்; வைத்த இடத்திலேயே சிதைந்து தூளாகும். ஆகவே அவர் காலத்தோடு போட்டியிட்டே தேடினார் எனலாம்.

சேர்த்ததைச் சுருக்கி 12,000 அடியாக்கினார். நிமிடத்திற்கு 90 அடி என்று கணக்கிட்டால், இரண்டே கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. 1940 ஆகஸ்ட் 23இல் சென்னையில் அப்படம் தமிழில் வெளிவந்தது. அந்நிய ஆட்சியில் அதைத் தடையின்றிக் காட்ட இயலவில்லை. விடுதலை வந்த 1947இல் இந்தி விளக்கவுரையுடன் டெல்லியில் காட்டப்பட்டது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கில வடிவமும் வெளிவந்தது.

படத்தோடு அவர் தேடல் முடியவில்லை. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கினார். பழைய ஏடுகளில் மறைந்து கிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் வெளியிட்டார். 1983இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். இவ்வளவு செய்தவர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவே இல்லை.

அந்தத் தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாழ்க்கை எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. என் பாட்டனாரின் படத்தை இனி எங்கு தேடியும் பெற முடியாது. அவரோடு வாழ்ந்த பாட்டி இருக்கிறார். அவருக்கு எழுதத் தெரியாது, எனக்குத் தெரியும். இந்த விடுமுறையில் அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப் போகிறேன். நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். காலம் தாழ்த்தாமல் அவர் அருகில் சென்று அமர்வோம்.