மரியா அம்மையார் போட்ட கணக்கு

மேரி கியூரி அம்மையாரை நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அவருக்கு அடுத்தபடியாக இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய பெண்மணி யார் என்று கேட்டால் பலரும் தலையைச் சொறிவோம். அவர்தான் மரியா கோப்பர்ட் மேயர். 1963-ல் அவருக்குப் பரிசு கிடைத்தது அணுக்கருவின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. ஆனால் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஐசோடோப் கணக்குகளோடு மல்லுக்கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் வேறொரு காரணத்துக்காக வேண்டப்பட்டவர். அந்தக் கதையை நம் மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1906 ஜூன் 28-ல், அன்று ஜெர்மனியில் இருந்த (இன்று போலந்தில் உள்ள) கட்டோவிட்ஸ் நகரில் பிறந்தார். தந்தை வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர் பரம்பரை. அப்பா குழந்தை மருத்துவப் பேராசிரியர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்த மரியா, மாக்ஸ் பார்ன் என்ற மேதையிடம் குவாண்டம் இயற்பியலின் ருசி கண்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். 1930-ல் டாக்டர் பட்டம். ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஃபோட்டான்களை விழுங்க முடியும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். லேசர் வந்த பிறகு, 1961-ல்தான் அதைச் சோதித்துப் பார்க்கவே முடிந்தது!

அதே வருடம் ஜோசப் மேயர் என்ற அமெரிக்க வேதியியல் அறிஞரைக் கல்யாணம் செய்துகொண்டு பால்டிமோர் போனார். கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. மனைவிக்கு? ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு உத்தியோகம் கிடையாது என்று விதியைக் காட்டிவிட்டார்கள். பொருளாதார மந்தக் காலம் வேறு. ஜெர்மன் கடிதப் போக்குவரத்தில் உதவியதற்குச் சொற்பத் தொகை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார், பாடமும் எடுத்தார். 1939-ல் கணவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாற்றம். அங்கேயும் இவருக்குச் சம்பளம் இல்லை. 1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பகுதி நேர ஆசிரியை வேலை கிடைத்தபோது அவருக்கு வயது 35.

அடுத்த வருடம் ஹரால்ட் யூரே கூப்பிட்டார். டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கியவர். யுத்த காலம், யுரேனியம் 235-ஐ 238-லிருந்து பிரிக்கும் ரகசிய வேலை கொலம்பியாவில் நடந்துகொண்டிருந்தது. ஒளியைக் கொண்டு பிரிக்க முடியுமா என்று பார்ப்பது மரியாவின் பங்கு. அன்றைய கருவிகளுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ஆனால் அங்கே ஜேக்கப் பிகெலைசன் என்ற இளைஞரோடு சேர்ந்து அவர் போட்ட கணக்குதான் இன்று வரை நிற்கிறது.

விஷயம் இதுதான். ஐசோடோப்கள் ஒரே தனிமத்தின் எடை மாறிய அண்ணன் தம்பிகள். எலக்ட்ரான்கள் ஒரே மாதிரி. ஆகவே பிணைப்பின் விறைப்பும் ஒன்றே. எடை மட்டும்தான் வேறு. ஸ்பிரிங்கில் கனமான குண்டைக் கட்டினால் மெதுவாக ஆடும் அல்லவா? மூலக்கூறிலும் அதே கதைதான். அதிர்வு மெதுவானால் அதன் அடிமட்ட ஆற்றலும் குறையும். அதனால் கனமான ஐசோடோப் பொதுவாக விறைப்பான பிணைப்பு உள்ள இடமாகப் பார்த்துப் போய் உட்காரும். தூத்துக்குடியில் 1978-ல் தொடங்கிய கனநீர் ஆலையில், ஹைட்ரஜன் வாயுவிலிருந்து டியூட்டீரியம் அம்மோனியாவுக்கு மாறியது இந்த நியாயப்படிதான்.

சரி, எவ்வளவு மாறும்? மூலக்கூறு நகர்வது, சுழல்வது, அதிர்வது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டால் தலை சுற்றும். மரியாவும் பிகெலைசனும் டெல்லர், ரெட்லிக் இருவரின் விதியைப் பயன்படுத்தி, நகர்வையும் சுழற்சியையும் சமன்பாட்டிலிருந்தே கழற்றிவிட்டார்கள். அதிர்வெண்களும் வெப்பநிலையும் தெரிந்தால் போதும், விடை வந்துவிடும். கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு வசதியாக ஓர் அட்டவணையும் தந்தார்கள். 1947-ல் கட்டுரை அச்சானது. யூரேயும் அதே வருடம் தனியாக இதே மாதிரி முடிவை வெளியிட்டார். கடல் சிப்பிகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பை வைத்துப் பழங்காலக் கடலின் வெப்பத்தை அறிய அது வழி காட்டியது.

இன்று என் கம்ப்யூட்டரில் நடப்பதும் இதுதான். குவாண்டம் வேதியியல் புரோகிராம் மூலக்கூறின் விறைப்பை ஒரு தடவை கணக்கிடும். எடையை மட்டும் மாற்றி அதிர்வெண்களை மறுபடி எடுப்போம். இரண்டு பட்டியலையும் அந்த 1947 சமன்பாட்டில் போடுவோம். அவ்வளவுதான். அம்மையாருக்கும் கம்ப்யூட்டர் அந்நியமில்லை. பின்னாளில் ஓர் அணு உலைக் கணக்கை எனியாக் கம்ப்யூட்டரில் போட்டவர் அவர்.

ஒரு வேடிக்கையும் உண்டு. யுரேனியத்துக்காகத் தொடங்கிய இந்தக் கணக்கு, யுரேனியத்துக்கே சரியாகப் பொருந்தவில்லை. அவ்வளவு கனமான தனிமத்தில் அணுக்கருவின் பருமனும் வடிவமும்கூட வேதிவினையைப் பாதிக்கின்றன என்று 1996-ல் பிகெலைசனே எழுதினார். விட்டுப்போன பகுதி அணுக்கருவுக்குள் இருந்தது. மரியா நோபல் பரிசு வாங்கியதும் அணுக்கருவுக்காகத்தான்!

அந்த நோபல் வேலை நடந்தது சிகாகோவில். 1946-ல் அங்கே பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் பட்டம் கொடுத்தார்கள், சம்பளம் கொடுக்கவில்லை. வருமானம் ஆர்கான் ஆய்வுக்கூடத்தின் பாதி நேர வேலையிலிருந்துதான். புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை 2, 8, 20, 28, 50, 82, 126 ஆக இருந்தால் அணுக்கரு ஏன் கூடுதல் உறுதியாக இருக்கிறது என்பதை 1949 வாக்கில் விளக்கினார். 1960-ல்தான் கலிபோர்னியாவில் முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி. வயது 54. போய்ச் சேர்ந்த சில நாட்களில் பக்கவாதம். அப்படியும் வேலையை விடவில்லை. 1972 பிப்ரவரி 20-ல் காலமானார்.

விதியை மீறாத நிர்வாகங்களுக்கு முப்பது வருடம் ஒரு மேதை கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்தார். ஊதியமில்லாவிட்டாலும் ஓர் அறையும் நூலகமும் பேசச் சகாக்களும் அவருக்கு இருந்தார்கள். அதுகூட இல்லாமல் போனவர்களை நமக்குத் தெரியும். நம்ம செட்டில் நம்மைவிட நன்றாகப் படித்து, கல்யாணமாகிக் கணவரின் வேலையோடு ஊர் ஊராகப் போய், புத்தகத்தை மூடி வைத்த தோழிகள் எத்தனை பேர்! அடுத்த சந்திப்பில் மேடை ஏறிப் பேச நம் சங்கம் முதலில் அவர்களைக் கூப்பிடட்டும். மறுபடி வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு, நல்ல இடத்தில் இருக்கும் நம்மில் நாலு பேர் கதவைத் திறந்துவிடலாம். பயோடேட்டாவில் பத்து வருட இடைவெளி என்று தள்ளிவிடாதீர்கள், நண்பர்களே.